மச்சான் சீர் வைத்த சிம்னி

மோகனசுந்தரத்துக்குக் கை சும்மா கிடக்காது. நன்றாக ஓடுகிற ஃபேனை நிறுத்திக் கழற்றி, ஏன் நன்றாக ஓடுகிறது என்று பார்க்கிற ஆள். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் அவன் வீட்டுக் கதவு ஒவ்வொன்றிலும் அவன் கை பட்டிருக்கும். பட்ட கதவு எதுவும் ஒரே தள்ளில் மூடாது, அது வேறு விஷயம். கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்குகிற ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. பதினான்கு வருடமாக உலையும் குழாயும் பம்புமாகப் பிழைக்கிறவன் என்பதால், தீயும் புகையும் தனக்குத் தெரியாத சங்கதி இல்லை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் இரண்டு உயிரைக் காவு வாங்கப் பார்த்தது.

அவன் மனைவி யோகப்பிரியாவுக்கு ஏப்ரலில் மாற்றல் வந்தது. கால்நடைத் துறையில் வேலை. மூணாறு மலையில் மாட்டுப்பட்டி அணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிருகாசுபத்திரியில் போட்டார்கள். தொழுவம் தொழுவமாகப் போய் மாட்டுக்கு ஊசி போட்டு, மூன்று மாதம் கழித்துக் கையை விட்டுப் பார்த்து, சினை நின்றிருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஏழு வருடமாகியும் வயிறு திறக்காதவளுக்கு இப்படி ஒரு வேலை. அதில் அவளுக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. "ஊரு மாட்டுக்கெல்லாம் பார்த்துச் சொல்றவ" என்று மோகனசுந்தரத்தின் அம்மா மயிலாத்தாள் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் இழுத்துச் சொன்னது மட்டும் ஒருநாள் அவள் காதில் விழுந்திருக்கிறது.

அணைக்குப் போகிற ரோட்டில் ஒரு மேட்டின்மேல் வாடகைக்கு வீடு கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டருக்குக் கட்டிய கல்வீடு. முன்னறையில் சுவருக்குள் தீக்காய்கிற அடுப்பு, அதன் தலையிலிருந்து கூரையைத் தாண்டிப் போகிற செங்கல் புகைபோக்கி. மோகனசுந்தரம் அதற்குள் தலையை நீட்டி மேலே பார்த்தான். கரி, இருட்டு, உச்சியில் உள்ளங்கை அளவு வானம்.

வீட்டைக் காட்ட வந்தவர் பொன்ராஜ் என்ற கொத்தனார். அந்தச் சுற்று வட்டாரத்தில் இப்படிப் பழைய வீடுகளுக்கெல்லாம் ஓடு மாற்றுகிறதும் புகைபோக்கி சுத்தம் பண்ணுகிறதும் அவர்தான்.

"மழைக்கு முன்ன ஒருக்கா இதத் தட்டிரணும் சார்" என்றார் பொன்ராஜ். "மேல ஏறி, கயித்துல சாக்குமூட்டையக் கட்டி இறக்கி இழுத்தா, ஒட்டுன கரியெல்லாம் உதிர்ந்துரும். நாலு வருசமா யாரும் தட்டல. அப்புறம் இன்னொண்ணு. ஜன்னல் இடுக்கு இருக்கு பாருங்க, குளிருதுன்னு அத அடைச்சிராதீக. தீ மூச்சு விடுறது அங்கன இருந்துதான்."

"பார்த்துக்கலாங்க" என்றான் மோகனசுந்தரம்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். மூங்கில் கழியில் தென்னந்துடைப்பத்தைக் கட்டி, கீழிருந்து எட்டிய மட்டும் குத்தினான். இரண்டு கூடை கரி விழுந்தது. போதும் என்று விட்டுவிட்டான். எலப்புள்ளி வெயிலில் பன்னிரண்டு மாதமும் கதவு ஜன்னலைத் திறந்து போட்டே வாழ்ந்தவனுக்கு, மூணாறுக் காற்று இடுக்கு வழியாக வந்து காதில் ஏறியது பொறுக்கவில்லை. ரப்பர் பட்டை வாங்கி, பசை வாங்கி, ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எல்லா ஜன்னலையும் இரண்டு கதவையும் சுற்றி ஒட்டினான். வீட்டுக்குள் ஒரு ஈ வர வேண்டுமென்றாலும் அவனைக் கேட்டுத்தான் வர வேண்டும். யோகப்பிரியாவைக் கூப்பிட்டு ஜன்னல் பக்கத்தில் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினான். சுடர் ஆடவேயில்லை. அவளும் சந்தோஷப்பட்டாள்.

பால் காய்ச்சுகிற அன்று யோகப்பிரியாவின் அண்ணன் பூபதிராஜா கொழிஞ்சாம்பாறையிலிருந்து சீர் கொண்டுவந்தார். வாடகை வீட்டுக்கு எதற்குச் சீர் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். தங்கச்சி எந்தக் கூரைக்குக் கீழே முதல் அடுப்பு மூட்டினாலும் அண்ணன் தட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். பழத்தட்டு, புடவைத்தட்டு, அதோடு இரண்டு பேர் தூக்கி வந்த ஒரு பெட்டி. சமையலறைச் சுவரில் மாட்டுகிற கரண்ட் சிம்னி. மூன்று வேகம் வைத்தது. மோகனசுந்தரம் அன்றே சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை வெளியே விட்டு மாட்டினான். மூன்றாவது வேகத்தில் வைத்துக் கீழே செய்தித்தாளைக் காட்டினால் அப்படியே மேலே இழுத்து ஒட்டிக்கொண்டது. "மச்சான், கம்பெனி ப்ளோயர் தோத்துதுங்க" என்றான். பூபதிராஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

ஜூன் பிறந்து மழை பிடித்தது. யோகப்பிரியா மாலையில் முன்னறை அடுப்பை மூட்டிக்கொண்டு தனியாக இருந்தாள். அவன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் வருவான்.

"காலையில எந்திரிச்சா தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க" என்று ஒருநாள் போனில் சொன்னாள். "நாலு தொழுவம் சுத்தி வந்தா சரியாப் போயிருது. பொழுதோட ஊட்டுக்கு வந்து சேர்ந்தா மறுக்காலும் ஆரம்பிக்குது."

"குளிரு உனக்குப் புதுசு. தைலத்தத் தேச்சுப் படு."

இரண்டாம் தடவை சொன்னபோதும் தைலம்தான். மூன்றாம் தடவை, "ஏம்புள்ள, மாற்றல் கேக்கறதுக்கு இது ஒரு சாக்கா?" என்று சிரித்தான். வேடிக்கையாகத்தான் சொன்னான். அதற்கப்புறம் அவள் தலைவலியைப் பற்றிப் பேசவில்லை.

ஜூலையில் வாந்தி வந்தது. அதைப் போனில் கேட்டதும் மயிலாத்தாள் மகன் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "நாள் தள்ளிப் போயிருக்குதா கண்ணு?"

பன்னிரண்டு நாள் தள்ளிப் போயிருந்தது.

சோதித்துப் பார்க்கலாமே என்றால், அதில் ஒரு சங்கடம். கடையில் விற்கிற அந்தக் குச்சியை இத்தனை வருடத்தில் பதினொரு தடவை நனைத்துப் பார்த்தாயிற்று. பதினொரு தடவையும் ஒற்றைக் கோடு. கடைசித் தடவை யோகப்பிரியா குளியலறையை விட்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. இனி தள்ளிப் போனபின் நாற்பத்தைந்து நாள் முழுசாகத் தாண்டாமல் பார்க்கவே கூடாது என்று புருஷனும் மனைவியும் அன்று முடிவு செய்திருந்தார்கள். மயிலாத்தாளும் அதையேதான் சொன்னாள். வாயை மூடிக்கொண்டு பொட்டாட்டம் இருங்கள், சாமி கொடுக்கிற நேரத்தில் தோண்டிப் பார்க்காதீர்கள் என்றாள்.

சொல்லிவிட்டு, கருப்பட்டியும் நார்த்தங்காய் ஊறுகாயும் மூட்டை கட்டி, மலை ஏறிவிட்டாள் மயிலாத்தாள். மருமகளைப் பத்து நாள் லீவு போட வைத்தாள். படுக்கையை விட்டு இறங்கவிடவில்லை. முழுகாமல் இருக்கிறவளுக்குக் குளிர் ஆகாதென்று அடுப்பில் யூக்கலிப்டஸ் கட்டையை எரித்து, சுடர் அடங்கியதும் தணலைச் சாம்பலால் மூடி, பகல் முழுக்கக் கனகனவென்று வைத்திருந்தாள். தாளிக்கிற வாசம் வந்தால் மருமகளுக்குக் குமட்டும் என்று சமையலறையில் கரண்ட் சிம்னியை மூன்றாவது வேகத்தில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஓடவிட்டாள்.

இங்கே எலப்புள்ளியில் மோகனசுந்தரத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை, ஆனால் கை இருக்கிறதே. உள்ளறை விட்டத்தில் தொட்டிலுக்கு ஒரு கொக்கி மாட்டிவிட்டான். இருநூறு கிலோ தாங்கும் கொக்கி. அதில் தொங்கி ஆடியும் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மயிலாத்தாள் கூப்பிட்டாள். "எனக்கும் நேத்திருந்து கிறுகிறுன்னு வருது சாமி. இன்னிக்கு ரெண்டு தடவ வாந்தி. இந்த ஊருத் தண்ணி எனக்கு ஒத்துக்கல."

"உங்களுக்கும் மசக்கைங்களாம்மா?"

"வெளக்கமாறு பிஞ்சுரும்" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. கம்பெனியில் காலை ஒன்பதரைக்குப் பாதுகாப்பு வகுப்பு. வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும். பின்வரிசையில் உட்கார்ந்து கால் நீட்டுவதற்கு மோகனசுந்தரம் அதற்குப் போவான். இந்தத் தடவை வகுப்பெடுத்தது ஸ்ரீரஞ்சனி, கல்பாத்திக்காரப் பெண், புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர். கார்பன் மோனாக்சைடு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாசனை கிடையாது, நிறம் கிடையாது. நன்னா எரியற தீயைவிட, காத்துப் போறாம கனியற தணல்லதான் இது ஜாஸ்தி. தலைவலி வரும், குமட்டும், தூக்கமா வரும். வெளியில போனா சரியாயிடும், உள்ள வந்தா மறுபடி வரும். ஒரே இடத்துல ரெண்டு பேருக்கு இப்படி வந்துதுன்னா, ஜுரம்னு நினைச்சுண்டு உக்காந்திருக்கப்படாது. அதுதான் கடைசி எச்சரிக்கை, கேட்டேளா?"

மோகனசுந்தரம் நீட்டியிருந்த காலை மடக்கினான். நாலு தொழுவம் சுற்றினால் சரியாகிவிடுகிறது, வீட்டுக்கு வந்தால் மறுக்காலும். எனக்கும் கிறுகிறுவென்று வருகிறது சாமி. ரப்பர் பட்டை. மூன்றாவது வேகம். ஒரு குழாயில் ப்ளோயர் இழுத்தால் இன்னொரு குழாயில் காற்று உள்ளே வரும் என்று தினம் தினம் கையால் தொட்டுப் பார்க்கிற பிழைப்பு அவனுடையது. வீட்டை ஒரு பாட்டில் மாதிரி அடைத்து, ஒரு பக்கம் உறிஞ்சினால், மிச்சமிருக்கிற ஒரே ஓட்டையான புகைபோக்கி என்ன செய்யும்? மேலே போக வேண்டியதைக் கீழே தள்ளும். இதைப் புரிந்துகொள்ள அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பத்தேகாலுக்கு டீ இடைவேளை. வெளியே வந்து போனை எடுத்தான். யோகப்பிரியாவின் பெயரைத் திரையில் கொண்டுவந்தான். விரல் அங்கேயே நின்றது.

ஏன் நின்றது என்று கேட்பீர்கள். புகைதான் காரணம் என்றால் வாந்திக்கும் புகைதான் காரணம். வாந்திக்குப் புகை காரணம் என்றால் விட்டத்தில் மாட்டிய கொக்கி எதற்கு? இந்தப் போனை அவன் போட்டால், பத்து நாளாக அந்த வீட்டில் இருந்த பிள்ளை அந்த நிமிடமே இல்லாமல் போய்விடும். அவனே அதைத் துடைத்தெறிந்த மாதிரி ஆகும். அம்மாவுக்குத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ. யோகாவுக்கு நிஜமாகவே மசக்கையாக இருந்தால்? இரண்டும் ஒன்றாக வரக் கூடாதா என்ன? டீயைக் குடித்தான், வாய் பொத்துப்போனது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

பாவி, உள்ளே போய் உட்கார்ந்தான். வகுப்பு முடிந்து பம்பு அறைக்குப் போய், இறுக்கமாக இருந்த நட்டை ஸ்பானர் வைத்து இறுக்கினான். கழற்றினான். மறுபடி இறுக்கினான். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பைக்குள் போன் கனத்தது. பதினொன்றரைக்குத்தான் அவனால் தாங்க முடியாமல் போயிற்று.

மயிலாத்தாள்தான் எடுத்தாள். குரல் குழறினாற்போல இருந்தது.

"யோகா எங்கீங்கம்மா?"

"தூங்கறா. காலையில இருந்தே தூக்கந்தான். முழுகாம இருந்தா அப்படித்தான், தூங்கட்டும்."

"அம்மா, இன்னிக்குத் தீ மூட்டாதீங்க. அந்தச் சிம்னியையும் நிறுத்திப்போடுங்க. கதவச் சித்தெ தெறந்து வைங்க."

"எதுக்கு?"

கையிலிருந்த ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இல்ல, சும்மா. கட்டை வீணாப் போகுது பாருங்க."

"வெளிய அடமழ ஊத்துது. புள்ளத்தாச்சியக் குளிர்ல போடச் சொல்றியா? கட்டைக்குக் கணக்குப் பாக்கற நேரமாடா இது?" அவள் போனை வைத்துவிட்டாள்.

ஸ்பானரை அப்படியே தரையில் போட்டான். யாரிடமும் சொல்லவில்லை, கேட்டில் கையெழுத்துப் போடவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். எலப்புள்ளி தாண்டும்போது யோகப்பிரியாவின் எண்ணுக்குப் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கொழிஞ்சாம்பாறையில் அம்மாவின் எண்ணுக்குப் போட்டான். அதுவும் அடித்து ஓய்ந்தது. முன்னால் வைக்கோல் லாரி ஒன்று ரோட்டையே மறித்துக்கொண்டு போனது. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அதன் பின்னாலேயே போனான்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அங்கே நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. மாட்டுப்பட்டி போய்ச் சேர இன்னும் நாலு மணி நேரம். இவன் போய்க் கதவைத் திறக்கிற வரைக்கும் அந்த வீட்டுக்குள் மூச்சு இருக்குமா? யாரையாவது கூப்பிட வேண்டும் என்று ஒரு மணி நேரமாகத் தெரிந்தேதான் ஓட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாமலே தானே போய், சத்தமில்லாமல் ஜன்னலைத் திறந்துவைத்து, எல்லாம் சரி என்று பார்த்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. அந்த ஆசையை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது. மணி பன்னிரண்டே முக்கால். பொன்ராஜைக் கூப்பிட்டான்.

"பொன்ராஜண்ணே, ஓடனே ஊட்டுக்குப் போங்க. கதவ ஒடச்சாலும் பரவால்ல. ஜன்னலெல்லாம் ஒடச்சு விட்டுருங்க. விஷப்புகை. உள்ள ரெண்டு பேரும் மயங்கியிருப்பாங்க. கர்ப்பமெல்லாம் இல்லீங்க, புகைதான். புகைதான் அது."

கர்ப்பத்தைப் பற்றிப் பொன்ராஜுக்கு என்ன தெரியும்? அவர் எதுவும் கேட்கவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. "வச்சிருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பொள்ளாச்சி வந்தது. ஒரு பேக்கரி ஓரமாகக் காரை நிறுத்தினான். இறங்கினான், உட்கார்ந்தான், மறுபடி இறங்கினான். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றேகாலுக்குப் போன் அடித்தது.

"வெளிய கொண்டாந்துட்டோம் சார்" என்றார் பொன்ராஜ். மூச்சு வாங்கியது. "தங்கச்சிய முகத்துல தண்ணி அடிச்சு எழுப்பிட்டோம், பேசுது. அம்மா அடுப்புகிட்டயே சாஞ்சு கெடந்தாங்க. கண்ணு தெறக்கல. மூச்சு இருக்கு. ஜீப்புல மூணாறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம். நீங்க பதறாம வாங்க."

பதறாமல் எப்படிப் போவது? உடுமலை தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. சின்னாறு காட்டுக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியவில்லை. அம்மா கண் திறந்திருப்பாளா என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தான். சின்ன வயதில் மண்ணெண்ணெய் குடித்துவிட்ட இவனைத் தோளில் போட்டுக்கொண்டு எலப்புள்ளியிலிருந்து பாலக்காட்டுக்கு வெயிலில் ஓடியவள் அவள். பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. இவன் டீ குடித்துவிட்டு வந்து நட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். ஸ்டீயரிங்கை ஓங்கி ஓங்கி அடித்தான். மறையூரில் சிக்னல் வந்தபோது பொன்ராஜின் எண் தொடர்பில் இல்லை.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குள் ஓடினான். தாழ்வாரத்து பெஞ்சில் யோகப்பிரியா யாருடைய ஸ்வெட்டரையோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் பதிந்த தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் பொன்ராஜ், கையெல்லாம் கரி.

"அம்மா?"

"உள்ள வச்சிருக்காங்க" என்றாள் யோகப்பிரியா. "பொழைச்சுக்குவாங்கன்னு டாக்டர் சொன்னாரு. இன்னும் முழிக்கல."

பொன்ராஜ் பக்கத்தில் வந்தார். "துணிமணி எடுக்கத் திரும்பவும் வீட்டுக்குப் போனேன் சார். சந்தேகமா இருந்துச்சு, அடுப்புகிட்ட ஒரு ஊதுபத்தியக் கொளுத்திப் பார்த்தேன். மெசினு நின்னா புகை மேல போகுது, மந்தமாத்தான் போகுது. மேல பாதிக் குழாய் கரியும் குருவிக்கூடுமா அடைஞ்சு கெடக்கு. ஒடஞ்ச ஜன்னலையெல்லாம் சாக்க வச்சு மறைச்சுட்டு மெசினப் போட்டேன். ஊதுபத்திப் புகை அப்படியே திரும்பி ரூமுக்குள்ள வந்துருச்சு. தீப்பெட்டி வெலதான் சார் இந்தச் சோதனைக்கு. நாளைக்கு மூட்டைய இறக்கிச் சுத்தமாத் தட்டிர்றேன். அந்த ரப்பரப் பூராவும் உரிச்சுப் போட்டுருங்க. மெசினு ஓடணும்னா சமையல்கட்டு ஜன்னல் தொறந்து இருக்கணும்." சொல்லிவிட்டு, கை கழுவி வருவதாக நகர்ந்துவிட்டார்.

மோகனசுந்தரம் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். யோகப்பிரியா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பொன்ராஜண்ணனுக்குப் பன்னெண்டே முக்காலுக்குக் கூப்பிட்டீங்களாம்" என்றாள். "ஆனா அதுக்கு முன்னாலயே, தீ மூட்டாதீங்கன்னு அத்தைகிட்டச் சொன்னீங்க. அத்தை வந்து, உன்ற புருசன் கட்டைக்குக் கணக்குப் பாக்கறான்னு திட்டுனது என்ற காதுல கெனாவுல கேட்ட மாதிரி கேட்டுது. உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

பொய் சொல்லலாம். அவளால் சரிபார்க்க முடியாது.

"பத்தேகாலுக்கு" என்றான்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். எண்ணினாளோ என்னவோ. "ரெண்டரை மணி நேரம்."

"சொன்னா கொழந்தை இல்லேன்னு ஆயிருமேன்னு..." தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஸ்வெட்டர் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள். "எனக்கு வியாழக்கிழமையே தூரமாயிருச்சுங்க."

அவன் நிமிர்ந்தான்.

"சொல்லல. தலைவலியும் வாந்தியும் ஏதோ காய்ச்சலுன்னு நெனச்சேன். வியாழக்கிழமை காலையில அத்தை எண்ணெ காய்ச்சித் தலைக்கு வச்சு, சிக்கெடுத்து, பின்னி விட்டாங்க. ஏழு வருசத்துல அவங்க கை என்ற தலையில பட்டதில்ல. கண்ணு கண்ணுன்னு கூப்பிட்டாங்க. இதச் சொன்னா அது நின்னு போயிரும். இன்னும் ஒருநாள் இருக்கட்டும்னு இருந்துட்டேன். வெள்ளிக்கிழமை அத்தை ஏத்தச் சொன்னாங்கன்னு தீட்டோட வெளக்கும் ஏத்துனேன். நானும் தப்புத்தான்." அவள் இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆனா உங்க உசுர வச்சு நான் அதைப் பண்ணலீங்க."

தாழ்வாரத்தில் யாரோ ஒரு ட்ராலியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "மயிலாத்தாளோட ஆளுங்க யாரு? முழிச்சாச்சு. மாஸ்க்க இழுத்து இழுத்துக் கொழந்தைக்கு ஒண்ணுமில்லையேன்னு கேட்டுட்டே இருக்காங்க. யாராவது ஒருத்தர் வந்து பதில் சொல்லுங்க, இல்லேன்னா அடங்க மாட்டாங்க."

மோகனசுந்தரம் எழுந்தான். இந்தத் தடவை நிற்கவில்லை, யோசிக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே குனிந்தான். மயிலாத்தாளின் முகம் சாம்பல் பூத்திருந்தது. கண் அவனைத் தேடிப் பிடித்தது.

"கொழந்தை..."

"கொழந்தை இல்லீங்கம்மா. மொதல்ல இருந்தே இல்ல. அடுப்புப் புகையாலதான் அவளுக்கு வாந்தி. உங்களுக்கும் அதனாலதான். நான் ஊட்ட அடைச்ச அடைப்புல வந்தது. எனக்குக் காலையிலயே தெரிஞ்சுது, நேரத்துல சொல்லாம உட்டுட்டேன்."

அவள் கூரையைப் பார்த்தாள். மாஸ்க்குக்குள் மூச்சு பனித்துப் பனித்து மறைந்தது. கடைக்கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கக் கையைத் தூக்கினாள், முடியவில்லை. அவன் துடைத்துவிட்டான்.

அப்புறம் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. இன்னொரு கையால் மாஸ்க்கைத் தள்ளினாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "சொல்லிப்போடாத சாமி. எம்புட்டு ஆசையா இருந்தா தெரியுமா. ராத்திரியில வயித்து மேல கையை வச்சுட்டே தூங்குவா. சொன்னா தாங்க மாட்டா. ஒடம்பு தேறட்டும், நான் பக்கத்துல உக்காந்து, தலையக் கோதிவிட்டு, மெல்லச் சொல்லிக்கறேன். நீ சொல்லாத."

யோகப்பிரியா திரையைப் பிடித்தபடி அவனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.